வால்டன் குளம்: எந்தப் பருவத்தில், எப்படிச் செல்வது

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், பாஸ்டனுக்கு வடமேற்கே கான்கார்ட் ஊரில் இருக்கும் வால்டன் குளத்தையும் அதைச் சூழ்ந்த காட்டையும் மாநில அரசே பராமரிக்கிறது. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் இந்தப் பூங்காவுக்கு எந்த மாதத்தில் போவது என்பதைவிட எத்தனை மணிக்குப் போய்ச் சேர்வது என்பதே முக்கியம். கூட்டத்தால் இடம் பாழாகாமல் இருக்க, உள்ளே விடும் ஆட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருக்கிறார்கள். கோடை வார இறுதிகளில் வாகன நிறுத்துமிடம் முற்பகலிலேயே நிரம்பி வாயில் மூடப்படுவது வழக்கம். மறுபடி திறக்கச் சில மணி நேரம் ஆகலாம், வெளியே சாலையோரத்தில் வண்டியை விடவும் முடியாது. ஆகவே கோடையில் செல்வோர் காலை எட்டு மணிக்குள் சேர்ந்துவிடுவது நல்லது. வேறு மாநிலப் பதிவெண் கொண்ட வண்டிக்கு நிறுத்தக் கட்டணம் பல மடங்கு கூடும் என்பதால், வாடகைக் கார் எடுப்பவர்கள் அதன் எண் பலகையை முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனியுகத்தின் முடிவில் பனிப்பாறை உருகி விட்டுச்சென்ற பள்ளம் இது. ஏறத்தாழ 31 மீட்டர் ஆழமுள்ள இக்குளத்தில் ஆறோ ஓடையோ வந்து சேர்வதும் இல்லை, வெளியேறுவதும் இல்லை. நிலத்தடி நீரே இதன் ஊற்று. இங்குள்ள கட்டுப்பாடுகள் பலவற்றின் காரணம் இதில்தான் இருக்கிறது. உள்ளே கலப்பது எளிதில் வெளியே போகாது. நீந்துவோரின் சிறுநீர் வழியாகச் சேரும் பாஸ்பரஸ் கோடையில் பாசி வளரத் துணைபோகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தண்ணீரில் இறங்குமுன் குழந்தைகளைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்வதைத்தான் நான் இங்கு முதல் விதியாகச் சொல்வேன். நாய், மது, கரி அடுப்பு, காற்றடைத்த மிதவை எவற்றுக்கும் அனுமதி இல்லை. புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போகலாம்; குப்பையைத் திரும்ப எடுத்து வந்துவிட வேண்டும். பல இடங்களில் கரையை ஒட்டியே ஆழம் கூடிவிடுவதால், நீச்சல் தெரியாதவர்கள் உயிர்காப்பாளர் காவலில் உள்ள முதன்மைக் குளக்கரைப் பகுதியை விட்டு நகரக் கூடாது.

குளத்தைச் சுற்றிவரும் பாதையின் நீளம் சுமார் 2.7 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் ஒரு மணி நேரம் ஆகும். கரைச்சரிவில் மண் அரிப்பைத் தடுக்கப் பாதையின் ஓரங்களில் கம்பி கட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டிக் குறுக்கே இறங்காதீர்கள். வடகரையில், இக்குளத்தின் பெயரால் ‘வால்டன்’ என்ற நூலை எழுதிய ஹென்றி டேவிட் தோரோ 1845 முதல் 1847 வரை வாழ்ந்த சிறு வீட்டின் இடத்தைக் கல்தூண்கள் நட்டுக் காட்டியிருக்கிறார்கள், அருகில் பார்வையாளர்கள் போட்டுச் சென்ற கற்குவியலும் இருக்கிறது. அந்த வீட்டைப் போலவே கட்டிய மாதிரி வீடு வாகன நிறுத்துமிடத்தின் பக்கத்திலேயே உள்ளது: பத்தடிக்குப் பதினைந்தடி, உள்ளே ஒரு கட்டில், ஒரு மேசை, ஓர் அடுப்பு. மூன்று பேர் சேர்ந்து நுழைந்தால் நெருக்கும்.

வசந்தத்திலும் கோடையிலும் இப்பகுதியில் மான் உண்ணிகள் கடித்து லைம் என்ற பாக்டீரியா நோயைப் பரப்புவதால், முழுக்காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நடப்பதும், வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பையும் கூந்தலோரத்தையும் சோதிப்பதும் அவசியம். இலை நிறம் மாறும் காட்சிக்கு அக்டோபர் நடுப்பகுதி ஏற்றது. அப்போதும் வார இறுதிகளில் கூட்டம் இருக்கும்.

குளிர்காலத்தில்தான் இடம் தாராளமாகக் கிடைக்கும். பாதை உறைந்து வழுக்கும் என்பதால் காலணியின் அடியில் மாட்டும் இரும்பு முள்பட்டை இல்லாமல் போக வேண்டாம். உறைந்த குளத்தின்மேல் நடக்கத் தெளிந்த பனி குறைந்தது நான்கு அங்குலமாவது கெட்டிப்பட்டிருக்க வேண்டும். பனி எங்கும் ஒரே கனத்தில் இருக்காது, ஐயம் இருந்தால் கரையிலேயே நின்றுவிடுங்கள். 1846-47 குளிர்காலத்தில் பனி வணிகர் பிரெடரிக் டியூடரின் ஆட்கள் இங்கே பனிக்கட்டி அறுத்தார்கள். கப்பலில் மதராஸுக்கு வந்த பனியைச் சேமிக்க அதே டியூடரின் நிறுவனம் எழுப்பிய கிடங்குதான் சென்னையில் இன்று விவேகானந்தர் இல்லமாக இருக்கும் ஐஸ் ஹவுஸ்.

கார் இல்லாதவர்கள் பாஸ்டனின் நார்த் ஸ்டேஷனிலிருந்து ஃபிட்ச்பர்க் தட ரயிலில் ஏறிக் கான்கார்டில் இறங்கினால், அங்கிருந்து அரை மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட நடைதான். தண்டவாளம் குளத்தை ஒட்டியே போனாலும் ரயில் அங்கே நிற்காது. வார இறுதியில் ரயில்கள் குறைவாகவே ஓடுவதால், திரும்பும் வண்டியின் நேரத்தைக் கிளம்புமுன் குறித்துக்கொள்ளுங்கள்.