டிசம்பர் பூச்செடி: நெல்லை மண்ணுக்கு ஏற்ற மண் கலவையும் உரமும்

மார்கழியில் செடி நிறையப் பூக்க வேண்டுமென்றால் மாசியிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். டிசம்பர் பூ எளிதில் பட்டுப்போகிற செடி இல்லை. அது பூக்காமல் நிற்பதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணங்கள்: ஐப்பசி மழையில் வேரில் தண்ணீர் தேங்குவது, பருவம் தப்பித் தழைச்சத்து (நைட்ரஜன்) போடுவது.

1. வடிகால் சோதனை

ஓரடி ஆழம், ஓரடி அகலத்தில் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் தண்ணீர் நாலு மணி நேரத்துக்குள் வடிந்துவிட்டால் அந்த இடத்திலேயே நடலாம். வடியவில்லையா? முக்கால் அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட்டு அதன் மேல் நடுங்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் சோதனையே வேண்டாம், மேட்டுப்பாத்திதான்.

2. மண்ணுக்கேற்ற கலவை

நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துச் செம்மண் இந்தச் செடிக்கு நன்றாகப் பொருந்தும். குழிக்கு 2 கிலோ மக்கிய சாண எருவும் 100 கிராம் வேப்பம் பிண்ணாக்கும் போதும். திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலில் ஊற்றுகிற தண்ணீரும் சத்தும் கீழே இறங்கிவிடும். அங்கே எருவை 4 கிலோவாக்கி, இரண்டு சட்டி கரம்பையும் (குளத்து வண்டல் மண்) சேருங்கள். ஆற்றோரத்து வண்டலில் எருவை ஒரு கிலோவாகக் குறைக்கலாம்.

தொட்டி என்றால் 12 அங்குலம். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மக்கிய எரு 1 பங்கு, வேப்பம் பிண்ணாக்கு 50 கிராம். அடித்துளை மேல் ஓட்டாஞ்சல்லி (உடைந்த ஓட்டுத் துண்டு) வைக்க மறக்காதீர்கள்.

எரு கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர வேண்டும், சாண வாடை இருக்கக் கூடாது. பச்சைச் சாணம் சூடு கிளப்பும். கரையானையும் வேர்ப்புழுவையும் கூட்டி வரும்.

3. உரம் போடும் காலம்

பூ ஓய்ந்ததும் மாசியில் முழங்கால் உயரத்துக்குக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து, செடிக்கு ஒரு கிலோ எரு வையுங்கள். ஆனியிலும் ஆடியிலும் ஒவ்வொரு முறை கடலைப் பிண்ணாக்குக் கரைசல்: 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்து, தெளிவை மட்டும் இறுத்துப் பத்து மடங்கு தண்ணீர் கலந்து, செடிக்கு ஒரு லிட்டர். தென்காசிப் பக்கம் சாரல் விடாமல் விழுந்தால், மண் கொஞ்சம் காய்ந்த பிறகு ஊற்றுங்கள்.

ஆவணியோடு பிண்ணாக்கு, யூரியா போன்ற தழைச்சத்து உரங்கள் நின்றுவிட வேண்டும். அதற்குப் பின் கொடுத்தால் இலைதான் தழைக்கும், மொட்டு குறையும். புரட்டாசித் தொடக்கத்தில் செடிக்கு 50 கிராம் எலும்புத்தூளைத் தூரைச் சுற்றிக் கொத்திவிட்டால் சரி. புரட்டாசிக்குப் பிறகு கத்தரியும் எடுக்காதீர்கள். மொட்டு வருவது புதுக் கிளைகளில்தான்.

4. இலை மஞ்சளானால்

இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இது அடிக்கடி வரும். ஒரு பிடி மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள்: நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அந்த மண்ணில் சாம்பல் போடவே கூடாது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரும்பு சல்பேட் 5 கிராம், சிட்ரிக் அமிலம் 1 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையில் தெளியுங்கள். பத்து நாள் கழித்து இன்னொரு முறை.

அடி இலைகள் மஞ்சளாகி, மண்ணும் சொதசொதவென்று இருந்தால் உரம் தீர்வு இல்லை. தண்ணீரை நிறுத்தி, பாத்தியோரம் வாய்க்கால் வெட்டி வடியவிடுங்கள். செடி தெளிந்து புதுத்துளிர் விடும் வரை எதுவும் போட வேண்டாம்.