முதல் பத்து கிலோமீட்டர்: டர்பன் சாலையில் செய்யக்கூடாத தவறுகள்

என் மச்சினி தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம் மக்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் பிறந்து வளர்ந்தவள். நாற்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு 10 கிலோமீட்டர் சாலைப் போட்டிக்குப் பெயர் கொடுத்தாள். காலை ஆறு மணிக்குத் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் கூட்டத்தோடு சேர்ந்து பாய்ந்துவிட்டாள். பயிற்சியில் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்துக்கொண்டிருந்தவள் அன்று முதல் கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் ஓடினாள். நான் அன்றைக்கு நான்காவது கிலோமீட்டரில், வாட்டர் டேபிளில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தேன். என் கண்ணில் படும்போது அவள் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது அத்தான்" என்றாள்.

அவள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்திருந்தாள். அந்த மூன்று மாதத்தையும் முதல் ஆறு நிமிடம் தின்றுவிட்டது. முதல் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள், அம்மாக்கள், தாத்தாக்கள் யாருக்கும் அப்படி நேரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

காம்ரேட்ஸைப் பார்த்துவிட்டுத் தூரத்தை முடிவு செய்வது

டர்பனில் ஓட்டம் என்றாலே காம்ரேட்ஸ் என்ற நெடுந்தூரச் சாலை ஓட்டம்தான். முதல் உலகப்போரில் மாண்ட தோழர்களின் நினைவாக 1921இல் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் கிளம்பியவர்கள் 34 பேர், ஓடி முடித்தவர்கள் 16 பேர். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். பெண்களுக்கும், வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் 1975இல்தான் அதிகாரபூர்வமாகக் கதவு திறந்தது. நம் முன்னோர் சாலையோரத்தில் நின்று பார்க்க மட்டுமே முடிந்த ஓட்டத்தில் இன்று நம்மவர்கள் நெஞ்சில் எண் குத்திக்கொண்டு ஓடுகிறார்கள். அதைப் பார்த்தால் யாருக்கும் கால் துறுதுறுக்கும். அந்தத் துறுதுறுப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் தொலைக்காட்சியில் அதைப் பார்த்த வேகத்தில், அடுத்த வாரமே 21 கிலோமீட்டருக்குப் பணம் கட்டுகிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

சனிக்கிழமை காலை ஒரு பார்க்ரன்னுக்குப் போய்த் தொடங்குங்கள். 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை, நடந்தும் முடிக்கலாம், கடைசியாக வருபவருக்காகவும் ஆள் காத்திருப்பார்கள். காம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ்தான் 2011இல் இதை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தார். நார்த் பீச்சில் கடலைப் பார்த்துக்கொண்டே ஓடலாம். நான்கைந்து சனிக்கிழமை போய்விட்டால் கூட்டத்தில் ஓடுவது பழகிவிடும், பிறகு 10 கிலோமீட்டரைப் பற்றி யோசிக்கலாம்.

மூச்சு தேறியதும் எலும்பும் தேறிவிட்டது என்று நினைப்பது

பயிற்சியில் நடக்கும் தவறுகளில் அதிகம் பேரை வீட்டில் உட்காரவைப்பது இதுதான். இதன் காரணம் புரிந்தால் பாதிக் காயங்களைத் தவிர்த்துவிடலாம்.

ஓடத் தொடங்கிய முதல் வாரம் மூச்சு வாங்கும். மூன்று, நான்கு வாரத்தில் இதயமும் நுரையீரலும் பழகிவிடும், மூச்சு சீராகும். "அட, நம்மால் முடிகிறதே" என்று மனம் துள்ளும். அந்த நேரம் பார்த்துத் தூரத்தை இரண்டு மடங்காக்குவார்கள். தசைநாரும் எலும்பும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. அவை உறுதிப்பட மாதக்கணக்கு ஆகும். அதனால்தான் ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கத் தொடங்குகிறது, குதிகால் காலையில் தரையில் படவிடாமல் குத்துகிறது.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறவர் யாரும் அன்று காலை எழுந்து காவடியைத் தூக்குவதில்லை. கொடியேறியதிலிருந்தே விரதம், ஒழுக்கம், மனத்தயாரிப்பு என்று நாள் நாளாக ஏறிப் போவார்கள். ஓட்டமும் அப்படித்தான். வாரத்துக்கு மூன்று நாள் போதும், நடுவே ஒரு நாளாவது ஓய்வு. அந்த மூன்றில் ஒரு நாள் மட்டும் கொஞ்சம் நீண்ட ஓட்டம். ஒரு வாரம் காய்ச்சலாலோ வேலையாலோ தவறிப்போனால் தவறியது தவறியதுதான். அதை அடுத்த வாரம் சேர்த்து ஓடி ஈடுகட்டப் பார்க்காதீர்கள்.

எல்லா நாளும் வேகமாக ஓடுவதும் வேண்டாம். பக்கத்தில் ஓடுபவரிடம் வீட்டுக் கதையை முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு நின்று நின்று வந்தால் வேகம் அதிகம். நடந்து நடந்து ஓடுவதில் எந்தக் கேவலமும் இல்லை. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் 10 கிலோமீட்டரை முழுக்க முடித்தவர்கள் எங்கள் குழுவிலேயே பலர்.

நம் ஊருக்கே உரிய ஒரு தவறும் உண்டு. பயிற்சி முழுவதும் கடற்கரையோரச் சமதளத்தில், போட்டி மட்டும் வெஸ்ட்வில் பக்கம் மேட்டிலும் பள்ளத்திலும். கடலை விட்டு உள்ளே போகப் போக டர்பன் ஏறிக்கொண்டே போகும். ஏற்றத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள், இறக்கத்தை யாரும் மதிப்பதில்லை. இறங்கும்போது ஒவ்வோர் அடியிலும் தொடைத் தசை நீண்டபடியே உடம்பின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. மறுநாள் படிக்கட்டில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது அதனால்தான். சாட்ஸ்வர்த்தில் இருப்பவர்களுக்கு மேடு தேடி எங்கும் போக வேண்டாம், வாசலைத் திறந்தாலே மேடுதான். வாரத்தில் ஒரு நாள் அதில் ஏறி, சிறு சிறு அடியாக இறங்கிப் பழகுங்கள்.

விடியுமுன் தனியாக ஓடாதீர்கள், இரண்டு பேராவது சேருங்கள். இங்கே வண்டிகள் இடப்பக்கம் போவதால் நீங்கள் சாலையின் வலப்பக்கம், எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓட வேண்டும். வெளிர்நிறச் சட்டை போடுங்கள்.

கடைசி வாரத்தில் விட்டதைப் பிடிக்கப் பார்ப்பது

போட்டிக்கு முந்தைய ஏழு நாளில் ஓடும் எதுவும் உங்களை வலுவாக்காது, சோர்வைத்தான் கூட்டும். பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். அந்த வாரம் புது ஷூ வாங்கவே வாங்காதீர்கள். கடையில் கால் சரியாகப் பொருந்தியது போலிருக்கும், ஆறாவது கிலோமீட்டரில் கொப்புளம் வெடிக்கும். காலுறை, சட்டை எல்லாமே ஏற்கெனவே துவைத்து ஓடிப் பார்த்ததாக இருக்கட்டும். தொடை உரசும் இடத்தில் வாஸ்லின் தடவிக்கொள்ளுங்கள்.

முந்தின இரவு சாப்பாடு பற்றி ஒரு வேண்டுகோள். குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் குழம்பு ஊற்றிய பன்னி சௌவை நானும் ஆசையாகச் சாப்பிடுகிறவன்தான், ஆனால் சனிக்கிழமை இரவு வேண்டாம். காரமும் எண்ணெயும் பயறும் மறுநாள் காலை வயிற்றில் வேலை காட்டும், அங்கே கழிப்பறை வரிசையோ நீளம். சோறு, ரசம், கொஞ்சம் உருளைக்கிழங்கு போதும். காலையில் இரண்டு மணி நேரத்துக்கு முன் ரொட்டியோ வாழைப்பழமோ கஞ்சியோ, பயிற்சி நாட்களில் எது ஒத்துக்கொண்டதோ அது. புரட்டாசியில் அசைவம் விட்டிருப்பவர்களுக்கு ஓட்டத்தால் ஒரு தடையும் இல்லை. ஆனால் சனிக்கிழமை முழு உபவாசம் இருந்து ஞாயிறு காலை போட்டிக்குப் போவது உடம்புக்குச் செய்யும் அநியாயம். அந்த வாரம் வரும் போட்டியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் பெயர் கொடுங்கள்.

சர்க்கரை நோய் நம் குடும்பங்களில் எவ்வளவு பரவியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இன்சுலின் போடுகிறவர்களுக்கும், கிளிக்லசைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம் ஆகியவை அதன் அறிகுறிகள். களைப்பும் பார்ப்பதற்கு ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால் பலர் கவனிக்காமல் ஓடிக்கொண்டே போகிறார்கள். பயிற்சி தொடங்குவதற்கு முன்பே மருத்துவரிடம் அளவு பற்றிப் பேசுங்கள். ஓடும்போது பையில் குளுக்கோஸ் மிட்டாய் இருக்கட்டும், நோயைக் குறித்து ஒரு சீட்டும் இருக்கட்டும். நெஞ்சுவலி, மயக்கம், இளம் வயதில் இதயநோய் இவற்றில் எதுவும் உங்களுக்கோ குடும்பத்திலோ உண்டென்றால் பரிசோதனை செய்யாமல் ஓடவே ஓடாதீர்கள்.

தண்ணீரும் மாத்திரையும்

"நிறையத் தண்ணி குடி, தாகம் வரும்வரை காத்திருக்காதே" என்று ஒரு காலத்தில் ஓட்டக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னார்கள். இன்னும் வீட்டில் பெரியவர்கள் அன்போடு இரண்டு லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். இது ஆபத்தான அறிவுரை என்று உலகுக்குச் சொன்னவர் நம் நாட்டுக்காரர்தான். 1981 காம்ரேட்ஸில் ஒரு பெண் ஓட்டக்காரர் நினைவு தடுமாறி விழுந்தார். உடம்பில் தண்ணீர் குறைந்துதான் விழுந்தார் என்று யாரும் நினைப்பார்கள். உண்மையில் அவர் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்திருந்தார், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போயிருந்தது. கேப்டவுனைச் சேர்ந்த டிம் நோக்ஸ் இதுபோன்றவர்களை ஆராய்ந்து 1985இல் கட்டுரையாக வெளியிட்டார். சோடியம் அப்படிக் குறைந்தால் மூளை வீங்கும். தலைவலி, வாந்தி, மோதிரம் இறுகும் அளவுக்கு விரல் வீக்கம், குழப்பம் என்று தொடங்கி உயிரையே எடுக்கும்.

இதில் அதிக ஆபத்து மெதுவாக ஓடுகிறவர்களுக்குத்தான். சாலையில் அதிக நேரம் இருக்கிறார்கள், ஒவ்வொரு மேசையிலும் நின்று குடிக்க வாய்ப்பிருக்கிறது, வியர்வையோ குறைவு. முதல் போட்டி ஓடுகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். ஆகவே தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் மேசையைக் கடந்து போங்கள்.

இங்கே தண்ணீர் சிறு பிளாஸ்டிக் பொட்டலத்தில் வரும். மூலையைப் பல்லால் கடித்துப் பிழிய வேண்டும். ஓடிக்கொண்டே பிழிந்தால் புரையேறும். பத்து அடி நடந்து குடித்துவிட்டு ஓடுங்கள். வெறும் பொட்டலத்தைத் தொட்டியில் போடுங்கள், சாலையில் போட்டால் பின்னால் வருபவர் அதை மிதித்து வழுக்குவார். அந்த மேசையில் நிற்கிறவன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

டிசம்பரிலிருந்து மார்ச் வரை டர்பனில் காற்றே ஈரமாக இருக்கும். வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகும், உடம்பு குளிராது. எவ்வளவு குடித்தாலும் இது மாறாது. வேகத்தைக் குறைப்பது ஒன்றுதான் வழி. ஜோகன்னஸ்பர்கில் உறவினர் வீட்டுக்குப் போய் அங்கே போட்டி ஓடுகிறவர்களுக்கு வேறு சிக்கல். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரம், மூச்சு சீக்கிரம் வாங்கும். அங்கும் மெதுவாகத்தான் ஓட வேண்டும்.

முழங்கால் வலிக்கு முன்னெச்சரிக்கையாக ஐபுப்ரோஃபென் அல்லது டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு ஓடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஓடும்போது இரத்தம் தசைகளுக்குத் திரும்பிச் சிறுநீரகத்துக்குக் குறைவாகவே போகும். அந்தக் குறைந்த இரத்த ஓட்டத்தையும் காப்பாற்றிக்கொடுக்கும் இயற்கைப் பொருளின் சுரப்பையே இந்த மாத்திரைகள் தடுக்கின்றன. மாத்திரை போட்டால்தான் ஓட முடியும் என்ற நிலையில் அன்று ஓடக்கூடாது. காய்ச்சல் இருந்தாலும் அப்படியே. காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசையில் அழற்சி வரக்கூடும்.

காகிதமும் எண்ணும்

இந்த நாட்டில் சாலைப் போட்டிக்கு லைசென்ஸ் வேண்டும். ஓட்டக் கிளப்பில் சேர்ந்தவர்களுக்கு ஆண்டு லைசென்ஸ் உண்டு, மற்றவர்கள் பெயர் கொடுக்கும்போதே அன்றைக்கு மட்டும் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். அதை மறந்துவிட்டுக் காலையில் வந்து பதறாதீர்கள். எண்ணை முந்தின இரவே சட்டையில் நான்கு ஊக்கால் குத்திவையுங்கள். உடம்பு சரியில்லை என்று உங்கள் எண்ணைத் தம்பிக்குக் கொடுப்பது மிகப் பெரிய தவறு. அவன் மயங்கி விழுந்தால் மருத்துவக் குழுவின் கையில் இருப்பது உங்கள் பெயர், உங்கள் வீட்டுத் தொலைபேசி எண், உங்கள் நோய் விவரம். பல போட்டிகளில் காதில் பாட்டு கேட்டுக்கொண்டு ஓடவும் தடை உண்டு. கட்-ஆஃப் நேரம், அதாவது ஓடி முடிக்க வேண்டிய கெடு, போட்டிக்குப் போட்டி மாறும், பெயர் கொடுக்குமுன் படித்துப் பாருங்கள்.

முதல் இரண்டு கிலோமீட்டர்

கூட்டத்தின் பின்பகுதியில் நில்லுங்கள். முன்னால் நின்றால் வேகமாக ஓடுகிறவர்கள் உங்களை இழுத்துக்கொண்டு போவார்கள். அந்த நேரம் உடம்பில் அட்ரினலின் ஓடுவதால் வேகம் தெரியவே தெரியாது, காற்றில் மிதப்பது போலிருக்கும். அது கடன் வாங்கிய வேகம். ஆறாவது, ஏழாவது கிலோமீட்டரில் வட்டியோடு கட்ட வேண்டியிருக்கும். கடிகாரம் இருந்தால் முதல் கிலோமீட்டர் பலகையில் பாருங்கள், பயிற்சி வேகத்தைவிட அரை நிமிடம் மெதுவாக இருந்தால் நல்லது. கடிகாரம் இல்லாவிட்டால் அதே பேச்சுச் சோதனை.

சில போட்டிகளில் 'பஸ்' கிடைக்கும். ஒரு அனுபவசாலி முடிக்கும் நேரத்தை எழுதிய கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரே சீராக ஓடுவார், அவரைச் சுற்றி ஐம்பது பேர் பாடிக்கொண்டு போவார்கள். அவரைத்தான் பஸ் டிரைவர் என்கிறோம். உங்கள் நேரத்துக்கான பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள். அடுத்த பஸ் வேகமாகப் போகிறதே என்று தாவாதீர்கள்.

முடிவுக்கோட்டைத் தாண்டியதும் சட்டென்று நின்றுவிடாதீர்கள். ஓடும்போது கால் தசைகள் சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருக்கும். திடீரென்று நின்றால் இரத்தம் காலிலேயே தங்கும், தலை சுற்றும். பத்து நிமிடம் மெல்ல நடங்கள், அதன் பிறகு உட்காருங்கள்.

மச்சினி நான்கு மாதம் கழித்து இன்னொரு 10 கிலோமீட்டருக்கு வந்தாள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் நின்றாள். முதல் கிலோமீட்டர் எட்டரை நிமிடம், ஏழாவதில் மேட்டை நடந்தே கடந்தாள், ஒன்பதாவதில் முன்னால் போனவர்கள் சிலரைத் தாண்டினாள். 1 மணி 22 நிமிடம். கோட்டுக்கு அந்தப் பக்கம் அவளுடைய ஆயா பிளாஸ்கில் தேநீரோடு நின்றிருந்தார். 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்கட்டுமா என்று அன்று மாலையே என்னைக் கேட்டாள். ஆறு மாதம் போகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.