மிசு யோகான்: மாச்சாவுக்கு முன்னால் ஒரு பயறு இனிப்பு

ஜப்பானியத் தேநீர் விருந்தில் தேநீரைக் குடித்துக்கொண்டே இனிப்பைக் கடிப்பதில்லை. முதலில் இனிப்பு வரும். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மாச்சா எனும் பச்சைத் தேயிலைத் தூளில் அடித்த தேநீர்க் கிண்ணம் கைக்கு வரும். நாக்கில் தித்திப்பு லேசாக நிற்கும்போது அந்தக் கசப்பு வந்து சேர வேண்டும். வாகாஷி எனப்படும் அந்த நாட்டுப் பாரம்பரிய இனிப்புகளில் பெரும்பாலும் நெய்யோ பாலோ கிடையாது. பயறு, அரிசி, சர்க்கரை, கடல்பாசி (அகர்-அகர்) போன்றவைதான்.

முதன்முதலாக வாகாஷி செய்பவர்களுக்கு நான் சொல்வது மிசு யோகான். ‘மிசு’ என்றால் தண்ணீர். பயறு விழுதில் கடல்பாசி சேர்த்து உறைய வைக்கும் குளிர்ந்த இனிப்பு. ஜப்பானில் பல ஊர்களில் இது கோடைக்கு உரியது. ஃபுகுயி பகுதியிலோ பனிக்காலத்தில் சாப்பிடுகிறார்கள்.

யோகான் என்ற பெயரின் எழுத்துகளுக்கு ஆட்டுச் சூப் என்று பொருள். சீனாவிலிருந்து வந்த பெயர் அது. இறைச்சி தொடாத ஜென் துறவிகள் அதையே பயறில் செய்தார்கள். அப்போது ஆவியில் வேகவைப்பதுதான் வழக்கம். 17ஆம் நூற்றாண்டில் கியோத்தோவை ஒட்டிய ஃபுஷிமியில் உலர்ந்த கடல்பாசி தயாரிக்கும் முறை பிறந்தது என்பார்கள். இன்று நாம் வெட்டிச் சாப்பிடும் யோகான் அதற்குப் பிறகு வந்ததுதான்.

தேவையானவை: அஸுகி பயறு (சிறிய சிவப்பு நிற ஜப்பானியப் பயறு) 200 கிராம், வெள்ளைச் சர்க்கரை 200 கிராம், கடல்பாசித் தூள் 4 கிராம் (இழையாக இருந்தால் 8 கிராம், ஊறவைத்துப் பிழிந்தது), தண்ணீர் 500 மில்லி, ஒரு சிட்டிகை உப்பு.

அஸுகி கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி போதும். ஜப்பானியரும் காராமணியை அறிவார்கள், ‘சசாகே’ என்பார்கள். அஸுகி வேகும்போது தோல் வெடிப்பது வயிற்றைக் கிழித்துக்கொள்வது போல இருக்கிறது என்று எடோ காலத்து (1603–1868) சாமுராய் வீரர்கள் சிவப்புச் சோற்றில் காராமணியையே போட்டதாகச் சொல்வதுண்டு.

படி 1: வேகவைத்தல். பயறைக் கழுவி, ஒரு கொதி விட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துவர்ப்பு அதோடு போகும். புதுத் தண்ணீர் ஊற்றி, இரு விரலுக்கு நடுவே வைத்தால் நசுங்கும் அளவுக்கு வேகவையுங்கள். காராமணியானால் நான்கு மணி நேரம் ஊறட்டும். குக்கரும் சரிதான்.

படி 2: தோல் நீக்குதல். வெந்ததை மசித்து, தண்ணீர் விட்டுச் சல்லடையில் தேய்த்துத் தேய்த்து வடிகட்டுங்கள். தோல் மேலே தங்கும், மாவு கீழே இறங்கும். அதை அசையாமல் வைத்தால் மாவு அடியில் படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு இன்னொரு தடவை தண்ணீர் ஊற்றித் தெளியவிடுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் கட்டி இறுக்கிப் பிழியுங்கள். கை வலிக்கும், ஆனாலும் இந்த வேலையைக் குறைக்காதீர்கள். தோலோடு அரைத்தால் தேநீர் குடிக்கும்போதும் பல்லிடுக்கில் பயறு நிற்கும்.

படி 3: கிளறுதல். பிழிந்த மாவில் சர்க்கரையும் கொஞ்சம் தண்ணீரும் சேர்த்து மிதமான தீயில் அடிபிடிக்காமல் கிளறுங்கள். கரண்டியில் எடுத்துப் போட்டால் சின்னக் குன்று மாதிரி நிற்க வேண்டும். இதுதான் ‘கோஷியான்’. இதில் 400 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: கடல்பாசி. 500 மில்லி தண்ணீரில் கடல்பாசியைப் போட்டுக் கொதிக்கவிட்டு, ஒரு துணுக்கும் தெரியாமல் கரைந்த பிறகு மேலும் இரண்டு நிமிடம் கொதிக்கட்டும். பிறகு விழுதையும் உப்பையும் போட்டுக் கலந்து, ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள்.

படி 5: ஆறவிடுதல். நான் முதல் தடவை கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றிவிட்டேன். மறுநாள் வெட்டினால் அடியில் கருஞ்சிவப்பு விழுது, மேலே வெறும் கண்ணாடி ஜெல்லி, இரண்டும் தனித்தனியாக வழுக்கி விழுந்தன. பயறு மாவு கனமானது; கடல்பாசி இறுகத் தொடங்கும் முன்பே அது கீழே போய்விடுகிறது. அதனால் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து, விடாமல், மெதுவாகக் கிளறுங்கள். பாத்திரத்தின் வெளிப்புறத்தைக் கை தாங்கும் சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரியில், கலவை லேசாகக் கெட்டிப்படும். அப்போது உடனே ஊற்றுங்கள். தாமதித்தால் பாத்திரத்திலேயே உறைந்துவிடும்.

இரண்டு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து வெட்டுங்கள். நாள் ஆக ஆகத் தண்ணீர் கசியும், இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள்.

இனித் தேநீர். கொய்ச்சா எனும் கெட்டித் தேநீருக்கு ஈரமான இனிப்பு, உசுச்சா எனும் நீர்த்த தேநீருக்கு உலர்ந்த இனிப்பு என்பது மரபு. வீட்டில் உசுச்சாவுக்கே மிசு யோகான் கொடுக்கலாம். 2 கிராம் மாச்சாவைச் சலித்துக் கிண்ணத்தில் போட்டு, 80 டிகிரி சூட்டில் 70 மில்லி வெந்நீர் ஊற்றி, சாசென் எனும் மூங்கில் கடைகோலால் நுரை வரும் வரை அடியுங்கள்.

விருந்தினர் இனிப்பைக் குரொமொஜி எனும் மரக்குச்சியால் ஒரு வாய்க்கு ஏற்ற துண்டாக வெட்டிச் சாப்பிடுவார். அவர் பாதி முடிக்கும்போது மாச்சாவை அடிக்கத் தொடங்குங்கள். இடையில் குடிக்கத் தண்ணீர் வைக்க வேண்டாம்; கடைசித் துண்டுக்குப் பிறகு அவர் நாக்கில் படுவது மாச்சாவாகவே இருக்கட்டும்.