சி டிரைவ் சிவப்பானதும் செய்யக்கூடாதவை

காலி இடம் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் சி டிரைவின் பட்டை சிவப்பாகிவிடும். உடனே கணினிக் கடைகள் நிறைந்த சிங்கப்பூர் சிம் லிம் ஸ்குவேருக்குப் போய்ப் பெரிய எஸ்எஸ்டிக்கு (சேமிப்பு டிரைவுக்கு) விலை கேட்பவர்கள் உண்டு. கண்ணில் பட்டதையெல்லாம் அழிப்பவர்களும் உண்டு. இது இரண்டாமவர்களுக்கு. ரீசைக்கிள் பின், டவுன்லோட்ஸ் எல்லாம் நீங்களே பார்த்திருப்பீர்கள், அவற்றை விட்டுவிடுவோம்.

அரைகுறையாக அளப்பது

அழிக்கும் முன் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று அளக்க வேண்டும். விஸ்ட்ரீ என்ற இலவச மென்பொருள் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் வகை) டிரைவின் கோப்பு அட்டவணையை நேரடியாகப் படிப்பதால் சில நொடிகளில் அளந்து முடித்துவிடும். ஆனால் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறக்க வேண்டும். இல்லையென்றால் பூட்டிய கோப்புறைகள் கணக்கில் வராது. டிரைவ் 230 ஜிபி நிறைந்திருக்கிறது என்கிறது, மென்பொருள் 190தான் காட்டுகிறது என்றால் மீதி பெரும்பாலும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' கோப்புறையில், ரெஸ்டோர் பாயிண்டுகளாக (கணினியைப் பழைய நிலைக்குத் திருப்ப விண்டோஸ் சேமித்து வைப்பவை) இருக்கும். சிஸ்டம் புரொடெக்‌ஷன் அமைப்பில் அதற்கு உச்சவரம்பு வைக்கலாம்.

ஒன்டிரைவ் கோப்புறையை அழிப்பது

எத்தனை முறை சொன்னாலும் தீராத தலைவலி இது. 256 ஜிபி மடிக்கணினி. அளந்து பார்த்தால் மைக்ரோசாஃப்ட்டின் இணையச் சேமிப்பான (கிளவுட்) ஒன்டிரைவின் கோப்புறை 60 ஜிபி என்று முதலில் நிற்கிறது. உள்ளே தீபாவளிப் படங்கள், பிள்ளைகளின் பள்ளி நிகழ்ச்சி வீடியோக்கள். "இதெல்லாம் கிளவுட்டில் பத்திரமாக இருக்கிறதே, இங்கே எதற்கு?" என்று டிலீட் அழுத்துகிறார்கள். விண்டோஸ் எச்சரிக்கும், யார் படிக்கிறார்கள்? கிளவுட்டிலும் போய்விடும், அதே கணக்கில் இருக்கும் மற்ற கணினிகளிலும் போய்விடும். ஒன்டிரைவ் நகல் வைக்கும் பெட்டி இல்லை. எல்லா இடத்திலும் ஒரே கோப்பு.

இதைவிட எரிச்சலானது, இவ்வளவு செய்தும் இடம் கிடைக்காமல் போவது. நீல மேகக் குறி போட்ட கோப்பு ஆன்லைனில் மட்டும் இருப்பது. அதன் 'சைஸ்' 2 ஜிபி என்று காட்டும், 'சைஸ் ஆன் டிஸ்க்' கிட்டத்தட்ட பூஜ்யம். விஸ்ட்ரீயில் 'அலகேட்டட்' என்ற பத்திதான் உண்மை. அதை வைத்தே வரிசைப்படுத்துங்கள்.

பச்சை டிக் போட்ட கோப்புகள்தான் டிஸ்கில் இடம் பிடிப்பவை. அவற்றை ரைட் கிளிக் செய்து 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' கொடுங்கள். கோப்பு கிளவுட்டில் இருக்கும், இடம் திரும்பக் கிடைக்கும்.

"ஒன்டிரைவில் எதையும் போட்டதே இல்லை" என்பவர்களும் கோப்புறைப் பாதையைப் பார்க்கட்டும். பிக்சர்ஸ், டாக்குமெண்ட்ஸ் இரண்டும் புதுக் கணினியை அமைக்கும்போதே ஒன்டிரைவுக்குள் போயிருக்கலாம். அழித்துவிட்டீர்களா? இன்றே இணையத்தில் ஒன்டிரைவைத் திறந்து அங்குள்ள ரீசைக்கிள் பின்னிலிருந்து மீட்டெடுங்கள். சொந்தக் கணக்குக்கு 30 நாள்தான் அவகாசம்.

ஐபோன் பேக்கப்பை மறப்பது

என்றோ ஒருநாள் கேபிள் போட்டு எடுத்த பேக்கப், மறைந்த கோப்புறை ஒன்றில் பல பத்து ஜிபியாகக் கிடக்கும். அளக்கும்போது 'மொபைல்சிங்க்' என்ற பெயரைத் தேடுங்கள். பழையதை ஆப்பிளின் ஐடியூன்ஸ் மென்பொருளுக்குள் போய் அழியுங்கள். கோப்புறையில் கை வைக்க வேண்டாம்.

வின்எஸ்எக்ஸ்எஸ்

விண்டோஸ் தன் சொந்தக் கோப்புகளை வைத்திருக்கும் கோப்புறை இது. ஒரே கோப்பு இரண்டு இடத்தில் தெரிவதால் எக்ஸ்புளோரர் இருமுறை எண்ணுகிறது. காட்டும் அளவை நம்பாதீர்கள். கையால் அழிக்காமல், டிஸ்க் கிளீனப்பில் 'விண்டோஸ் அப்டேட் கிளீனப்' கொடுங்கள்.

விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'இன்ஸ்டாலர்'

தொடாதீர்கள். அது போனால் பல மென்பொருள்களை அப்டேட் செய்யவும் முடியாது, நீக்கவும் முடியாது.

1 டிபி டிரைவ் வாங்கினால் 931 ஜிபி காட்டுவது

எதுவும் தொலையவில்லை. பெட்டியில் ஆயிரத்தால் கணக்கு, விண்டோஸில் 1024ஆல்.