தண்ணீர் இல்லாத ஆற்றங்கரையில் உடலை வரைகிறவர்கள் செய்யும் தவறுகள்

வேலூரைக் கேலி செய்ய ஒரு பழைய சொலவடை உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். சிலர் அத்தோடு நிறுத்த மாட்டார்கள். ‘அழகில்லாத பெண்கள்’ என்று ஒன்றையும் ஒட்டவைப்பார்கள். கோயிலின் குறை 1981-இல் தீர்ந்தது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பிவிட்டார். மற்ற கேலிகள் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கின்றன. நிலத்தையும் உடலையும் ஒரே மூச்சில் பழிக்கும் ஊரில் வளர்ந்தவர்கள், தம் உடலையும் ஆசையையும் இயற்கையின் வழியே வரைய உட்காரும்போது என்ன வரைவார்கள்?

அருவி வரைவார்கள். நானும் அதைத்தான் வரைந்தேன். மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வீட்டு மாடியில் ஏழெட்டுப் பேர் கூடி வரைகிறோம். முதல் ஆறு மாதம் எல்லாத் தாளிலும் பச்சைப் புல்வெளி, பனிமூட்டம், ஈரக் கூந்தலோடு சாய்ந்த ஒரு பெண். எங்களில் யாருடைய உடலும் அப்படி இல்லை. காட்பாடியில் அப்படி ஒரு புல்வெளியும் இல்லை. இரவல் நிலத்தில் வரைந்த உடல் இரவல் உடலாகவே வரும். முதல் தவறு இது. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்துதான் முளைக்கின்றன.

ஜன்னலைத் திறந்தால் தெரிவது வெடிப்புவிட்ட பாறை மலையும், சீமைக்கருவேலமும், பாலாற்று மணலும்தான். அந்த மணலை இரண்டு முழம் தோண்டினால் ஊற்று சுரந்த காலத்தை இங்குள்ள பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். 2021 நவம்பரில் அதே ஆறு கரை கொள்ளாமல் ஓடியது. வெளியே வறண்டு உள்ளே ஈரமாக இருப்பதற்கு, நாற்பதைக் கடந்த ஓர் உடலின் ஆசையைச் சொல்வதற்கு, இதைவிடப் பொருத்தமான உருவம் எந்த அருவியில் இருக்கிறது? சங்கப் புலவர்கள் பிரிவைப் பாடப் பாலையைத்தான் எடுத்தார்கள். முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்தால் பாலை என்கிறது சிலப்பதிகாரம். அதாவது வறட்சி என்பது ஒரு நிலத்தின் பிறவிக் குணமல்ல, அது பட்ட பாடு.

ஆனால் திணையைக் கையில் எடுத்ததும் அடுத்த பள்ளம் காத்திருக்கும். குறிஞ்சி என்றால் கூடல், மருதம் என்றால் ஊடல் என்று பள்ளிக்கூட அட்டவணைபோல ஒப்பித்துவிட்டு, மலை வரைந்தால் காமம் வந்துவிட்டது என்று நினைப்பது. மலர்களுக்கும் இதே கதி. அமெரிக்க ஓவியர் ஜார்ஜியா ஓ’கீஃப் 1920-களிலிருந்து ஒற்றைப் பூவைத் திரை நிறையப் பெரிதாக்கி வரைந்தார். விமர்சகர்கள் அதில் பெண்ணுறுப்பைத்தான் பார்த்தார்கள். அவர் வாழ்நாள் முழுவதும் அந்த வாசிப்பை மறுத்தார். பூவைப் பூவாகக் கொஞ்ச நேரம் பார்க்கும் பொறுமை இல்லாதவருக்கு உடலைப் பார்க்கும் பொறுமையும் இராது என்பது என் எண்ணம்.

ஆண்களுக்கென்று ஒரு தனித் தவறு இருக்கிறது. பெண்ணை மலையாகவும் ஆறாகவும் வரைந்துவிட்டுத் தாங்கள் கரையில் நின்று பார்ப்பார்கள். தம் தொப்பையை, மார்பு முடியை, வழுக்கையை எந்தப் பாறைக்கும் ஒப்பிட மாட்டார்கள். கேட்டால் கோயில் சிற்பத்தைக் காட்டுவார்கள். சிற்பி காட்டினார், சரி. நீங்கள் உங்களைக் காட்டுங்கள் என்பதே என் பதில். கியூபாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அந்த நாட்டை விட்டு அனுப்பப்பட்ட கலைஞர் அனா மெண்டியேட்டா 1973 முதல் 1980 வரை செய்த ‘சிலுயெட்டா’ (நிழலுரு) என்ற படைப்பு வரிசையைப் பார்க்கலாம். மண்ணிலும் புல்லிலும் மணலிலும் தன் உடலின் வடிவத்தையே பதித்தார். பலவற்றில் உடல் எழுந்து போய்விட்டது, தடம் மட்டும் கிடக்கிறது. பார்க்கிறவர் வெறித்துப் பார்க்க அங்கே ஆள் இல்லை.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பாலாற்றில் போய்ப் படுத்துவிடாதீர்கள். சேற்றை உடலில் பூசிப் படம் எடுக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் கழிவு மண்ணிலும் நிலத்தடி நீரிலும் இறங்கியிருக்கிறது. ‘மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்’ என்ற கொள்கையை உச்ச நீதிமன்றம் 1996-இல் உறுதிப்படுத்தியது வேலூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில்தான். தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் மனிதத் தோலிலும் ஒவ்வாமையைக் கிளப்பும். குயவரிடம் நல்ல களிமண் வாங்கிக்கொள்ளுங்கள். மலைக்குப் போனால் செந்தட்டியையும் பூனைக்காலிக் காயையும் தொடாதீர்கள், எருக்கம்பால் கண்ணில் படக் கூடாது. சித்திரை வெயிலில் பாறைமேல் வெற்று முதுகோடு படுத்தால் இயற்கையோடு ஒன்றுவது நடக்காது, கொப்புளம்தான் வரும். ஜவ்வாது மலையில் காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைந்து வனத்துறையிடம் கலையை விளக்குவதும் வீண் வேலை.

படம் எடுத்தால் அது யாரிடம் இருக்கும், எவ்வளவு நாள் இருக்கும் என்பதை எடுப்பதற்கு முன்பே பேசிவிடுங்கள். அன்று சம்மதித்தவர் நாளை மனம் மாறினால் அழித்துவிட வேண்டும். பதினெட்டு நிறையாதவரை இந்த வேலைக்குள் இழுக்கவே கூடாது. 2012-இன் போக்சோ சட்டம் கலை என்று பார்த்து விலக்குத் தராது.

அடுத்தது கொஞ்சம் நுட்பமானது. இயற்கையிடம் சான்றிதழ் கேட்பது. இங்கே எந்தத் தோட்டத்திலும் பப்பாளி இருக்கும். அதில் ஆண் மரம், பெண் மரம், இரண்டும் சேர்ந்த மரம் மூன்றும் உண்டு. எங்கள் கூட்டத்துக்கு வரும் ஒரு தம்பி, ஆண்களை விரும்புகிறவர், அந்த மூன்றாவது மரத்தை மறுபடி மறுபடி வரைந்து, “பாருங்கள் அக்கா, இயற்கையிலேயே எத்தனை வகை” என்று வாதாடினார். வாதம் அழகானதுதான். ஆனால் அப்படிப்பட்ட உறவைக் குற்றமாக்கி 1860-இல் வெள்ளைக்காரர் எழுதிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவும் இதே இயற்கையைத்தான் சாட்சிக்கு அழைத்தது: ‘இயற்கை ஒழுங்குக்கு மாறானது’ என்று. 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் வயது வந்தோர் மனமொத்த உறவை அந்தப் பிரிவிலிருந்து விடுவித்தபோது, தீர்ப்பு நின்றது மனிதரின் கண்ணியத்தின்மேல். பப்பாளி மரத்தை வக்கீலாக வைத்தால் எதிர்த்தரப்பும் வேறொரு மரத்தைக் கொண்டுவரும். தம்பி இப்போது மரத்தை விட்டுவிட்டார். தன் கழுத்தின் பின்புறத்தை வரைகிறார், கண்ணாடி இரண்டு வைத்துக்கொண்டு.

கடைசியாக, அவசரம். ‘என் உடலை நான் நேசிக்கிறேன்’ என்று தலைப்பை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்பச் சிரிக்கும் உருவத்தை வரைவது. ஏற்றுக்கொள்வதற்கு நேசம் கட்டாயமில்லை. பல நாள் அது வெறும் அறிமுகம்தான். குடியாத்தத்திலிருந்து வரும் ஓர் அம்மா பீடி சுற்றுகிறவர். இயற்கையை வரையச் சொன்னபோது, “எனக்குத் தெரிந்த காடு இந்த இலைதான்” என்று ஒரு பீடி இலையைத் தாள்மேல் வைத்து நரம்பு நரம்பாக வரைந்தார். பிறகு முறத்தை வரைந்தார். அதற்குக் கீழே, முப்பது வருடம் முறம் தாங்கிய மடியை. தொடைகளின் அகலத்தைக் குறைக்கவில்லை, கூட்டவும் இல்லை. சென்ற மாதம் அதே மடியை மறுபடி வரைந்தார், முறம் இல்லாமல். யாருக்கு என்று பக்கத்தில் இருந்தவர் கேலியாகக் கேட்டார். அவர் பதில் சொல்லவில்லை; பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார், முகம் மட்டும் சிவந்திருந்தது.