அலுவலகங்களையும் நாடக அரங்கையும் ஒரே வளாகத்தில் கட்டுவது எப்படி

அலுவலகங்களையும் நாடக அரங்கையும் ஒரே மனையில் கட்ட முற்படுவோர் பெரும்பாலும் அலுவலகத் தளங்களை முதலில் வரைந்துவிட்டு, மிஞ்சிய இடத்தில் அரங்கை நுழைக்கப் பார்க்கிறார்கள். இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். மனை எந்த வடிவில் இருந்தாலும் அலுவலகம் அதற்கேற்ப ஒடுங்கிக்கொள்ளும், அரங்கு ஒடுங்காது. பார்வையாளர் பகுதிக்கு நடுவே தூண் வரக்கூடாது. காட்சித் திரைகளைக் கண்ணுக்குத் தெரியாதபடி மேலே தூக்கி நிறுத்த வேண்டுமானால், மேடை முகப்பின், அதாவது பார்வையாளர்கள் மேடையைப் பார்க்கும் திறப்பின், உயரத்தைப் போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு உயரம் மேடைக்கு மேல் வெறுமையாக இருக்க வேண்டும். முகப்பு 8 மீட்டர் என்றால் 20 மீட்டர், அதாவது ஐந்து அலுவலக மாடிகளின் உயரம்.

அலுவலகத் தூண்கள் வழக்கமாக 8 அல்லது 9 மீட்டர் இடைவெளியில் நிற்பவை. அவற்றை அரங்கின் மேல் கொண்டுவந்தால், சுமையைத் திருப்பிவிட மிகக் கனமான உத்திரங்கள் தேவைப்படும்; செலவு அங்கேதான் கைமீறும். ஆகவே இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, இடையில் விரிவு இடைவெளி, அதாவது இரு கட்டடங்களும் ஒன்றையொன்று தொடாதபடி ஒரு பிளவு, விடுவதே என் பரிந்துரை. இடம் போதாவிட்டால், ஒப்பனை அறைகள், முன்கூடம் ஆகியவற்றின் மேல் அலுவலகத்தை ஏற்றலாம்.

அடுத்தது ஒலி. காற்றில் வரும் ஓசையைக் கனமான சுவர் தடுக்கும். ஆனால் லிஃப்ட், தண்ணீர்ப் பம்பு, மேல்தளத்தில் நடப்போரின் காலடி ஆகியவற்றின் அதிர்வு கான்கிரீட் வழியாகவே பயணிப்பதால், சுவரை எவ்வளவு தடித்துக் கட்டினாலும் அது நிற்காது. அரங்கை ரப்பர் அல்லது ஸ்பிரிங் தாங்கிகளின் மேல், பெட்டிக்குள் பெட்டியாக அமைப்பதே இதற்கு வழி. இரண்டு பெட்டிகளுக்கும் இடையே விழுந்து இறுகிய ஒரு பிடிக் கலவையோ, குறுக்கே இறுக்கிப் பொருத்திய ஒரு குழாயோ போதும், அதிர்வு அதன் வழியே உள்ளே வந்து அத்தனை பணமும் வீணாகிவிடும். இடைவெளியை மூடுவதற்கு முன் ஒலியியல் பொறியாளர் விளக்கோடு உள்ளே சென்று பார்த்துக் கையொப்பமிட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஏசி காற்று மெதுவாக வந்தால்தான் இரைச்சல் எழாது. மெதுவான காற்றுக்கு அகலமான குழாய்கள் வேண்டும். அவற்றுக்கான இடத்தை முதல் வரைபடத்திலேயே ஒதுக்காவிட்டால் பிறகு கிடைக்காது.

தீயணைப்பு விதிகள் ஊருக்கு ஊர் மாறும் என்றாலும், பார்வையாளர் வெளியேறும் வழி அலுவலக வரவேற்பறை வழியாகப் போகாதபடியும், தீப்பிடித்தால் புகை வெளியேற மேடைக்கு மேல் புகைத் திறப்புகள் திறக்கும்படியும் அமைத்துவிடுங்கள். காட்சிப் பொருள்களை ஏற்றிவரும் லாரி மேடையின் மட்டத்துக்கே வந்து நிற்க வேண்டும். வாகன நிறுத்தத்துக்கு இரு தேவைகளையும் அப்படியே கூட்ட வேண்டியதில்லை. ஊழியர்கள் கிளம்பும் வேளையும் பார்வையாளர்கள் வரும் வேளையும் ஒன்றின்மேல் ஒன்று விழும் அந்த மாலை ஒரு மணி நேரத்தைக் கணக்கிட்டால் போதும். பகல்காட்சி நடத்துவதாக இருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

ஒப்படைக்கும் முன், இரு பகுதிகளின் இயந்திரங்களையும் ஒருசேர ஓடவிட்டு, ஆளில்லாத அரங்கில் இரைச்சலை அளந்து பாருங்கள். வாடகைக்கு வரும் நிறுவனங்கள் தங்கள் தளத்தைப் பிறகு வடிவமைக்கும்போது, நிகழ்ச்சி நேரத்தில் துளையிடக்கூடாது, அரங்கின் சுவரைத் தொடவே கூடாது என்பதையும் குத்தகைப் பத்திரத்தில் சேர்த்துவிடுங்கள்.