பத்தாவது குடிமையியல் எடுக்குறவங்களுக்கு ஒரு ஐடியா

'மாநில அரசு' பாடத்துல ஆளுநர் அதிகாரத்த வரிசையா போர்டுல எழுதிப் போட்டா பசங்க கொட்டாவிதான் விடுவாங்க, அதுக்கு நம்ம தமிழ்நாட்டு கேஸையே எடுத்துக்கலாம். 2023 நவம்பர்ல சட்டமன்றம் ரெண்டாவது தடவ நிறைவேத்தி அனுப்புன 10 மசோதாவ ஆளுநர் ஜனாதிபதிக்கு அனுப்பிட்டாரு, விஷயம் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, அதான் மேட்டர். தீர்ப்ப மொதல்லயே சொல்லிடாதீங்க ப்ளீஸ். அரசியலமைப்போட 200வது பிரிவ மட்டும் ஜெராக்ஸ் போட்டு குடுத்து, ஆளுநருக்கு என்னென்ன வழி இருக்கு, இத்தன நாளுக்குள்ளன்னு எங்கயாவது போட்டுருக்கான்னு தேட விடுங்க. நாள் கணக்கே இருக்காது, அங்கதான் கிளாஸ்ல சத்தம் ஆரம்பிக்கும்.

அப்புறம் 2025 ஏப்ரல் 8 தீர்ப்பு, அந்த பத்துக்கும் ஒப்புதல் கெடச்சதாவே எடுத்துக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொன்னது. இதோட நிறுத்துனா பாதிதான், ஏன்னா சுப்ரீம் கோர்ட் கிட்ட கருத்து கேக்க வழி குடுக்குற 143வது பிரிவுல ஜனாதிபதி கேள்வி கேக்க, அதே கோர்ட்டோட 5 நீதிபதி அமர்வு அதே வருஷம் நவம்பர்ல, ஆளுநருக்கு கோர்ட் கெடு வைக்க முடியாது, தானா ஒப்புதல் ஆச்சுன்னும் சொல்ல முடியாதுன்னு கருத்து குடுத்துச்சு. ரெண்டு டீமா பிரிச்சு வாதாட விடுங்க, செமயா போகும்.

தேர்தல் நேரம்னா இன்னும் ஈசி. வேட்பாளர் தன் சொத்து, கேஸ் விவரத்த எழுதிக் குடுக்குற பிரமாணப் பத்திரம் தேர்தல் ஆணைய வெப்சைட்லயே கெடைக்கும், இது வந்ததுக்கே 2002 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புதான் காரணம். கட்சி பேர மறைச்சு குடுங்க, இல்லேன்னா கிளாஸ் டீக்கடை பெஞ்சாயிடும். முழுசா ப்ரிண்ட் வேணாம், அட்ரஸ், போன் நம்பர விட்டுட்டு சொத்தும் கேஸும் இருக்குற பக்கம் போதும்.